போத்தலுக்குள் என்ன, மாஸ்டர்?

சென்ற மாதம் கணுக்கால் சுளுக்கைப் பற்றி எழுதினேன். பதிலுக்கு வந்த கடிதங்களில் சுளுக்கைப் பற்றி ஒன்றிரண்டுதான். மிச்சமெல்லாம் தைலம். எந்தத் தைலம், எங்கே வாங்குவது, எப்படிக் காய்ச்சுவது, என் பிள்ளையின் மாஸ்டர் தந்த போத்தலில் என்ன இருக்கிறது என்று. சரி, இந்த மாதம் முழுக்கத் தைலமே இருக்கட்டும்.

*கொட்டாஞ்சேனையில் சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குக் குங்ஃபூ சொல்லிக்கொடுக்கிறேன். வயது 26. மலேசியாவில் இருக்கும் நண்பர் தித் தா ஜோவ் செய்யும் குறிப்பு ஒன்றை அனுப்பியிருக்கிறார். பதினெட்டுச் சரக்கு. இங்கேயே செய்து மாணவர்களுக்குக் கொடுக்கலாமா? மருந்து தெரியாதவன் மாஸ்டர் ஆகமுடியாது என்பார் என் குரு. நான் எவ்வளவு தெரிந்துவைத்திருக்க வேண்டும்?*
— வாசகர், கொட்டாஞ்சேனை

தம்பி, உங்கள் குரு சொன்னது பொய்யில்லை. ஆனால் அது அவருடைய குருவின் காலத்து உண்மை. ஹுங் கா குங்ஃபூவில் பெரிய பெயரான வொங் ஃபெய் ஹுங், போ ச்சி லாம் என்ற வைத்தியசாலையை நடத்தி எலும்பும் கட்டியவர். கன்னியாகுமரிப் பக்கத்து வர்ம ஆசான்மார், கேரளத்துக் களரிக் குருக்கள்மார், எங்கள் நாட்டு அங்கம்பொர குருமார் எல்லோரும் ஒரு கையால் அடிக்கவும் மறு கையால் ஆற்றவும் படித்தவர்கள்தான். கை முறிந்தால் தூக்கிக்கொண்டு ஓட அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி இல்லை. அடித்தவனே ஆற்றியாக வேண்டும். கொட்டாஞ்சேனையில் இருந்து தேசிய வைத்தியசாலைக்கு முச்சக்கர வண்டியில் எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும்.

தித் தா ஜோவ் என்றால் கண்டோனிய மொழியில் விழுந்ததற்கும் அடிபட்டதற்குமான மது. மூலிகைகளை மதுவில் போட்டு மாதக்கணக்காக ஊறவைப்பார்கள். சரக்குப் பட்டியலைத் தமிழில் சொன்னால் பாதி நமக்குத் தெரிந்த சாமான்: குசும்பாப்பூ, வெள்ளைப்போளம், குந்திரிக்கம், கற்பூரம். அதுவரைக்கும் சரி. சில குறிப்புகளில் இன்னும் இரண்டு சரக்கு வரும். ஒன்று மா ச்சியென் ட்ஸு. அது எட்டிக்கொட்டை. மற்றது ச்சுவான் வூ அல்லது ட்ஸாவோ வூ. இந்த வூ இரண்டும் நம்முடைய வச்சநாபி என்ற நஞ்சுக்கிழங்கின் உறவுக்காரர்கள்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதையைச் சொல்லாமல் போகமுடியாது.

1998. எனக்கு உங்களைவிடக் கொஞ்சம் வயது கூட, புத்தி குறைவு. எங்கிருந்தோ கைமாறி வந்த ஃபோட்டோ கொப்பி ஒன்றில் ஒரு குறிப்புக் கிடைத்தது. தெரிந்த ஒருவரைப் பிடித்துச் சீனப் பெயர்களுக்கு நம் பெயர்களை எழுதிக்கொண்டு, புறக்கோட்டை கபோஸ் லேனுக்குப் போனேன். அந்த ஒழுங்கையில் நுழைந்தாலே சுக்கும் அதிமதுரமும் மணக்கும். இரண்டு பக்கமும் ஆயுர்வேதச் சரக்குக் கடைகள். ஒரு கடைக்காரர் பட்டியலைப் பார்த்து எல்லாவற்றையும் பொட்டலம் கட்டினார். வச்சநாபிக்கு வந்ததும் நிமிர்ந்து, “சுத்தி செய்ததா, செய்யாததா?” என்று கேட்டார். நஞ்சு முறித்ததா என்று அர்த்தம். மனுஷன் கேட்க வேண்டியதைக் கேட்டார். நான்தான், விளங்கினவன் மாதிரி, “எதுவென்றாலும் பரவாயில்லை” என்றேன்.

மூன்று போத்தல் தென்னஞ்சாராயத்தில் ஊறப்போட்டு, மூன்று மாதம் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். திறந்த அன்று ஒரு மணித்தியாலம் மக்கிவாராப் பலகையில் குத்திவிட்டு, முட்டித்தோல் இரண்டு இடத்தில் கிழிந்திருந்த கையில் தாராளமாகத் தேய்த்தேன். அரை மணித்தியாலத்தில் விரல்கள் மரத்தன. மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம் உதடு சுறுசுறுத்தது. நாக்கு பஞ்சு மாதிரி ஆனது. பிறகு நெஞ்சு, ஓடி வந்தவனுக்கு அடிப்பது போல இல்லாமல், தாளம் தப்பி அடிக்கத் தொடங்கியது. மனைவி பக்கத்து வீட்டுக்காரரின் வானில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். இரவு முழுக்க நெஞ்சில் வயர் ஒட்டிப் படுக்கவைத்தார்கள். “என்ன பூசினீர்கள்?” என்று கேட்ட இளம் டொக்டரிடம் ஃபோட்டோ கொப்பியை நீட்டினேன். சீன எழுத்து. அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. வச்சநாபி நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. இதயத்தைக் கண்காணித்துக்கொண்டு, உடம்பு அதை வெளியேற்றும்வரை தாங்கிப்பிடிக்க வேண்டியதுதான். அது தோல் வழியாகவும் ஊறும். தோல் கிழிந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

என் நல்ல காலம், அதை முதலில் என் கையில் பூசினேன். மாணவர்களுக்கு அடுத்த சனிக்கிழமை கொடுப்பதாக இருந்தேன்.

எங்கள் பெரியப்பா வடமராட்சியில் முறிவு நெரிவு வைத்தியர். பள்ளி விடுமுறைக்குப் போனால் எண்ணெய் காய்ச்சும்போது அடுப்படியில் விறகு தள்ளுவது என் வேலை. எண்ணெயும் இலைச்சாறும் கல்கம் என்ற அரைத்த மூலிகை விழுதும் ஒன்றாகக் கொதிக்கும். அவர் அகப்பையால் கல்கத்தை எடுத்து விரலிடையில் உருட்டுவார். சேறு மாதிரி ஒட்டினால் இன்னும் காணாது. மெழுகு மாதிரித் திரண்டால் மெழுகு பதம். மணல் மாதிரி உதிர்ந்தால் மணல் பதம். எந்த எண்ணெயை எந்தப் பதத்தில் இறக்குவது என்று அவருக்குத் தெரியும். கடைசியில் ஒரு திரியை அந்த எண்ணெயில் நனைத்துக் கொளுத்துவார். சடசடவென்று பொரிந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது, அடுப்பில் திரும்ப ஏறும். சத்தமில்லாமல் நின்று எரிந்தால்தான் வடிகட்டுவார். தண்ணீர் நின்ற எண்ணெய் கெட்டுப்போகும். கெட்டதைக் காயத்தில் பூசினால் என்ன ஆகும் என்று நான் சொல்லவா வேண்டும்? இந்த விரல் பக்குவம் அவருக்கு வர எத்தனை வருஷம் எடுத்ததோ. வச்சநாபியைச் சுத்தி செய்வதும் அப்படித்தான். குறிப்பில் ஒரு சொல்லாக இருக்கும். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒரு படிப்பு இருக்கிறது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: காய்ச்சப் படிக்க வேண்டாம். வாசிக்கப் படியுங்கள். ஒரு போத்தலைக் கையில் எடுத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று நம் பெயரிலும் தாவரவியல் பெயரிலும் சொல்லத் தெரிய வேண்டும். எட்டி, வச்சநாபி, கார்த்திகைக் கிழங்கு, சேங்கொட்டை, பாதரசம் உள்ள சிவப்பு லிங்கம் இவை எந்த வேஷத்தில் வந்தாலும் அடையாளம் தெரிய வேண்டும். சேங்கொட்டை வண்ணான் குறி போடும் கொட்டை. அதன் பால் பட்ட தோல் வெந்த மாதிரிக் கொப்பளிக்கும். எந்தக் காயத்தில் தேய்க்கக்கூடாது, யாருக்குப் பூசக்கூடாது என்பதும் தெரிய வேண்டும். கர்ப்பிணிகளை முதலில் விலக்குங்கள். செய்து தருவதற்குப் பதிவுபெற்ற ஆயுர்வேத, சித்த வைத்தியர்கள் இருக்கிறார்கள். பொரளையில் தேசிய ஆயுர்வேத வைத்தியசாலையே இருக்கிறது. அந்தப் பதினெட்டுச் சரக்குப் பட்டியலை அங்கே ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. நான் வெட்கப்பட்டதுதான் 1998.

*என் மகனுக்கு 13 வயது, கராத்தே பழகுகிறான். அவனுடைய மாஸ்டர் லேபல் இல்லாத சின்னப் போத்தல் ஒன்று கொடுத்து, ஒவ்வொரு இரவும் கால் இரண்டிலும் தேய்க்கச் சொல்லியிருக்கிறார். கற்பூர வாசம் மூக்கைத் துளைக்கிறது. வீட்டில் மூன்று வயதுப் பிள்ளையும் இருக்கிறாள். கேட்டால் மாஸ்டர் கோபித்துக்கொள்வாரோ?*
— ஒரு தாய், வெள்ளவத்தை

கோபித்தால் கோபிக்கட்டும் தங்கச்சி. “சேர், இதில என்ன போட்டிருக்கு? ஒருக்கா எழுதித் தாங்கோ” என்று மட்டும் கேளுங்கள். நல்ல மாஸ்டர் என்றால் எழுதித் தருவார். “அது ரகசியம்” என்றால் போத்தலை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ரகசியம் அவரோடேயே இருக்கட்டும்.

எனக்குப் பயம் 13 வயதுக்காரனைப் பற்றியில்லை, மூன்று வயதுக்காரியைப் பற்றி. கற்பூரத்தை நாம் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துப் பழகியதால் அது நஞ்சு என்று தோன்றுவதில்லை. சின்னப் பிள்ளை ஒரு தேக்கரண்டி கற்பூர எண்ணெய் குடித்தால் சில நிமிஷங்களிலேயே வலிப்பு வரலாம். அமெரிக்காவில் பூச்சு மருந்துகளில் கற்பூரம் 11 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. வீட்டில் காய்ச்சிய எண்ணெயில் எத்தனை சதவீதம் என்று யார் அளந்தார்கள்?

விண்டர்கிரீன் எண்ணெய் இன்னொன்று. தசைவலித் தைலங்களில் ஒரு இனிப்பு மருந்து வாசம் வருமே, அதுதான். அதன் உள்சரக்கு மெதில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் சொந்தக்காரன். சுத்தமான எண்ணெய் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீட்டர், இருபதுக்கு மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம். குடித்தால்தான் ஆபத்து என்றும் இல்லை. 2007-இல் நியூயார்க்கில் 17 வயது ஓட்ட வீராங்கனை ஒருத்தி தசைவலிப் பூச்சுகளை அளவுக்கு மிஞ்சிப் பூசிக்கொண்டதால் இறந்துபோனாள்.

போத்தலை அலுமாரியின் மேல்தட்டில் பூட்டிவையுங்கள். சோடாப் போத்தலில் ஊற்றிவைக்கவே வேண்டாம். தப்பித்தவறி குழந்தை குடித்துவிட்டால், விரலை விட்டு வாந்தி எடுக்கவைக்காமல், உடனே 1990-க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள். மகனுக்கு ஒவ்வொரு இரவும் தேய்க்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. வலி இல்லாத காலுக்கு மருந்து எதற்கு?

*நான் முவே தாய் பழகும் பெண். தொடையில் உதை வாங்கி, கை அகலத்துக்குக் கண்டிப்போயிருக்கிறது. “அழுத்தித் தேய்த்து அந்தக் கட்டியை உடை, இல்லாவிட்டால் இரத்தம் உறைந்துவிடும்” என்கிறார் கோச். தாய்லாந்து எண்ணெய் போட்டு அவரே தேய்த்துவிட்டார். அன்று இரவு வலி இரண்டு மடங்கானது. சரியா இது?*
— வாசகி, பம்பலப்பிட்டி

சரியில்லை பிள்ளை. அடிபட்ட தசைக்குள் சின்ன இரத்தக்குழாய்கள் கிழிந்து இரத்தம் கசிந்திருக்கிறது. முதல் இரண்டு மூன்று நாளில் சூடு போட்டு அழுத்தித் தேய்த்தால், அடைபடப் பார்க்கிற குழாயைத் திரும்பத் திறந்துவிடுகிறோம். இரவு வலி கூடியது அதனால்தான் இருக்கும். தொடையின் முன்பக்கத் தசையில் இதைவிடக் கெட்டதும் நடக்கும். பலமாக அடிபட்டு, ஆற முதல் திரும்பத் திரும்பத் தேய்த்தும் இழுத்தும் வந்தால், கசிந்த இரத்தம் இருந்த இடத்தில் தசைக்குள்ளேயே எலும்பு வளரத் தொடங்கும். எங்கள் வகுப்பில் ஒரு பெடியனுக்கு வந்தது. மூன்று கிழமைக்குப் பிறகும் தொடைக்குள் கல் மாதிரி ஒன்று. முழங்காலை மடக்கிக் குதியைப் பின்பக்கம் தொடமுடியாது. எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிந்தது. அவன் திரும்ப உதைக்க ஆறு மாதத்துக்கு மேல் ஆனது.

முதல் மூன்று நாள் தைலத்தை மறந்துவிடுங்கள். எலாஸ்டிக் பண்டேஜ் கொஞ்சம் இறுக்கமாகக் கட்டுங்கள். படுக்கும்போது காலை உயர்த்திவையுங்கள். வலிக்கு ஐஸ் பத்து நிமிஷம் வைக்கலாம். நேராகத் தோலில் வேண்டாம், துவாயில் சுற்றி. (ஓய்வு, ஐஸ் என்று 1978-இல் உலகத்துக்கே சொல்லிக்கொடுத்த அமெரிக்க டொக்டர், 2014-இல் ஐஸ் ஆறுவதைத் தாமதமாக்கலாம் என்று தன் பேச்சைத் தானே திருத்தினார். எனக்கு அந்த மனுஷனில் மரியாதை கூடியது.) கன்றல் மஞ்சளும் பச்சையுமாக மாறத் தொடங்கிய பிறகு, வலிக்காத அளவுக்கு மெல்லத் தடவலாம். வீக்கம் குறையாமல் இறுகிக்கொண்டே போனால், கால் மரத்தால், ஊன்றி நடக்கமுடியாவிட்டால் அன்றைக்கே டொக்டரிடம் போங்கள்.

இன்னொன்று. கொழும்பில் இருக்கிறவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். மழைக்காலத்தில் உடம்பெல்லாம் வலிக்கிறது, கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது, லேசாகக் காய்ச்சலும் அடிக்கிறது என்றால் அதை நேற்றைய பயிற்சியின் கணக்கில் எழுதவேண்டாம். டெங்குவாக இருக்கலாம். அப்போது தேய்ப்பும் வேண்டாம், ஆஸ்பிரின், ஐபுபுரோபன், டைக்ளோஃபெனக் எதுவும் வேண்டாம். பரசிட்டமோல் மட்டும். இரத்தப் பரிசோதனை கட்டாயம். சாதாரண உடம்பு வலி என்று நினைத்து வலிக் குளிசை போட்டு, இரத்தக்கசிவோடு வார்ட்டுக்குப் போனவனை நான் பார்த்திருக்கிறேன்.

*கொம்பனித்தெருவில் இருந்து எழுதுகிறேன். எங்கள் கழகத்துத் தைலம் சாராயத்தில் ஊறவைத்தது. எனக்கு அதைப் பூச மனம் இல்லை. எண்ணெயில் செய்தால் வேலை செய்யாதா? ஒரு நண்பர் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் செய்யலாம் என்கிறார்.*
— வாசகர், கொழும்பு 2

பூசலாமா கூடாதா என்பதை உங்கள் மௌலவியிடம்தான் கேட்கவேண்டும். அது என் வேலையில்லை. மருந்துப் பக்கம் மட்டும் சொல்கிறேன். எண்ணெயில் செய்த தைலம் ஒன்றும் குறைந்ததில்லை. களரிக்காரர்கள் பயன்படுத்தும் முறிவெண்ணெய் முழுக்கத் தேங்காய் எண்ணெயில் செய்வது. புங்கம் இலை, முருங்கை இலை, வெற்றிலை, சின்ன வெங்காயம், கற்றாழை எல்லாம் சேரும். மது சில சத்துகளைக் கூட இழுக்கும், சீக்கிரம் காய்ந்துவிடும். எண்ணெய் வழுக்கும், பிடித்துவிட நல்லது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம். குடிக்காமல் இருப்பதற்காகச் சில ஸ்பிரிட்டுகளில் மெதனோல் கலப்பார்கள். மெதனோல் தோல் வழியாகவும் உள்ளே போகும். கண் பார்வையைக் கெடுக்கும். நண்பரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

*வயது 58. பைபாஸ் செய்து வாஃபரின் எடுக்கிறேன். சிலம்பம் பழகுவதால் முழங்கால் வலிக்குக் காலை, மாலை பாம் பூசுகிறேன். பூச்சுத்தானே, பரவாயில்லையா?*
— வாசகர், ஜிந்துப்பிட்டி

ஐயா, பரவாயில்லை என்று சொல்லமாட்டேன். மெதில் சாலிசிலேட் உள்ள பாமை நிறையப் பூசினால், இரத்தம் உறையாமல் தடுக்கும் வாஃபரினோடு சேர்ந்து இரத்தம் அளவுக்கு மேல் நீர்த்துப்போகும். லேபலை வாசியுங்கள். அதைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள். “மருந்து என்ன எடுக்கிறீர்கள்” என்று கேட்டால் மாத்திரையை மட்டும்தான் நாம் சொல்கிறோம், பாமைச் சொல்வதில்லை. சிலம்பத்தை விடவேண்டாம்.

*தினமும் தைலம் பூசிப் பலகையில் குத்தினால் எலும்பு இரும்பாகுமா?*
— மாணவன், வத்தளை

எலும்பு கெட்டியாவது தைலத்தால் இல்லை, தம்பி. எந்தப் பக்கம் பாரம் விழுகிறதோ அந்தப் பக்கம் எலும்பு தன்னைக் கட்டிக்கொள்ளும் என்று யூலியஸ் வொல்ஃப் என்ற ஜெர்மன் டொக்டர் 1892-இலேயே எழுதிவிட்டார். பாரம், இடைவேளை, நித்திரை, சாப்பாடு. நெத்தலியை முள்ளோடு சாப்பிடு. தைலம் தரும் குளிர்ச்சி, மென்தோல் உன் நரம்புக்குச் சொல்லும் பொய். தோல் அப்படியொன்றும் குளிர்வதில்லை. பொய் என்றாலும் வலிக்கு இதம்தான். ஆனால் வலி மறைந்ததை ஆறிவிட்டது என்று நினைத்துத் திரும்பக் குத்தாதே. பதினெட்டு வயதாகும்வரை பலகையே வேண்டாம் என்பது என் கட்சி. எலும்பு வளரும் நுனிகள் இன்னும் மூடவில்லை.

*எல்லாருக்கும் புத்தி சொல்கிறீர்கள். உங்கள் வீட்டில் என்ன பூசுகிறீர்கள் மாஸ்டர்?*
— பெயர் வேண்டாம், தெஹிவளை

நொச்சி. எங்கள் மதிலோரம் ஒரு செடி நிற்கிறது; பக்கத்து வீட்டு சிங்களத்து அக்கா அதை நிக என்பார், அவவும் வந்து பறிப்பார். இரண்டு கைப்பிடி இலையைத் தேங்காய் எண்ணெயில் இலை மொறுமொறுக்கும்வரை காய்ச்சி, வடித்து, சின்ன ஜாம் போத்தலில் ஊற்றி வைப்பாள் மனைவி. திரி கொளுத்திப் பார்ப்பது மட்டும் இன்னும் நான்தான். போத்தலில் ஒரு துண்டு பிளாஸ்டரை ஒட்டி “நொச்சி, தே. எண்ணெய்” என்று எழுதி, திகதியும் போட்டிருக்கிறேன். பேரப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “அப்பப்பா, இதில இவ்வளவுதானா இருக்கு?”

இவ்வளவுதான் ராசா.